பெயர்கள் வந்த வழி

(சங்கத்தின் நூற்றாண்டு நிறைவையொட்டி நடைபெற்ற ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் பாடசாலையின் பழைய இடாப்புகளில் பூரணம், சரஸ்வதி, அன்னலட்சுமி என்ற பெயர்களுக்கு இடையில் மார்கிரட், ஈடித், ஹில்டா, டெய்சி, புளோரன்ஸ் என்ற பெயர்களும் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்கு என்ன பொருள், அவை எங்கிருந்து வந்தன என்று சற்றுப் பேசுமாறு செயற்குழுவினர் கேட்டார்கள். பெயர் என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பெண் பிறந்த நாளிலிருந்து இறக்கும் நாள் வரை அவளிடமிருந்து எவரும் பறிக்கக்கூடாத சொத்து அது ஒன்றுதான். அது பறிபோன சந்தர்ப்பங்களும் உண்டு. அதைப் பற்றியும் பேசவே வந்திருக்கிறேன்.

ஊரில் இவற்றை நாங்கள் பொதுவாக "இங்கிலிசுப் பெயர்" என்று சொல்லுவோம். சிலர் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் நையாண்டியாகச் சொல்வார்கள். இன்று கனடாவிலும் சுவிசிலும் பிறக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போது இந்த வாக்குவாதம் மறுபடி வீட்டுக்குள் வருகிறது. வெள்ளைக்காரர் வாயில் நுழைகிற பெயராக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று அம்மம்மாமார் சொல்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒன்றை ஆராயாமல் ஏற்றுக்கொள்கிறார்கள்: அந்தப் பெயர்கள் ஐரோப்பியருடைய சொந்தப் பெயர்கள் என்பது. உண்மையில் அவற்றில் பெரும் பகுதி ஐரோப்பாவுக்கும் வந்தேறிய பெயர்களே.

அவை மூன்று பெரிய வழிகளில் வந்தன. முதலாவது எபிரேயமும் அதன் உறவு மொழிகளும். விவிலியத்தின் வழியாக மேற்காசியாவிலிருந்து வந்த பெயர்கள் இவை. அன்னா என்றால் அருள். சூசன், சூசன்னா என்றால் லில்லி மலர். அந்த எபிரேயச் சொல் பழைய எகிப்து மொழியில் தாமரையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பர். அப்படியானால் எங்கள் பங்கயமும் சூசனும் உறவுக்காரர். டெபோரா என்றால் தேனீ. ராகேல் என்றால் பெண் செம்மறி. நவோமி என்றால் இனிமை. மார்த்தா என்பது அரமேயச் சொல், வீட்டுத் தலைவி என்று பொருள். மேரி என்ற பெயரின் மூலமான மிரியம் என்பதன் பொருளைப் பற்றி மட்டும் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உலகில் மிக அதிகமான பெண்கள் தாங்கிய பெயர்களுள் ஒன்றுக்கு இப்படியொரு நிலை!

இரண்டாவது வழி கிரேக்கமும் இலத்தீனும். ஐரீன் என்றால் சாந்தி. சோபியா என்றால் ஞானம். ஸ்டெல்லா தாரகை, லூசி ஒளி, விக்டோரியா வெற்றி, அதாவது எங்கள் ஜெயா. டொறதி என்பது டொறதியா என்ற கிரேக்கப் பெயரின் ஆங்கில உருவம். "தோரொன்" கொடை, "தெயோஸ்" கடவுள். இந்த இரண்டு சொற்களையும் முன்பின்னாக மாற்றினால் தியோடோரா. இரண்டுக்கும் கடவுளின் கொடை என்பதே பொருள். இந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

மார்கிரட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் "மார்கரிதேஸ்" என்றால் முத்து. அந்தச் சொல்லையும் கிரேக்கர் கிழக்கிலிருந்துதான் கடன் வாங்கினார்கள். பாரசீகத்தில் இன்றும் முத்துக்கு "மொர்வாரித்" என்றே பெயர். மன்னார்க் குடாவின் முத்து உரோமாபுரி வரை விலைபோன காலம் ஒன்று இருந்தது. கிழக்கிலிருந்து பொருளும் போனது, பெயரும் போனது. பல நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பெயர் மார்கிரட் என்று சட்டை போட்டுக்கொண்டு எங்கள் கரைக்குத் திரும்பி வந்தது. ஒரே வாங்கில் மார்கிரட்டும் முத்தம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால், பெயரளவில் அவர்கள் இருவரும் ஒருவரே.

அது மட்டுமல்ல. பிரெஞ்சு மொழியில் "மார்கரித்" என்பது வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட ஒரு சிறு பூவுக்கும் பெயர். அந்தப் பூவை ஆங்கிலத்தில் டெய்சி என்பார்கள். அதனால்தான் மார்கிரட் என்ற பெண்ணை வீட்டில் டெய்சி என்று கூப்பிடும் வழக்கம் வந்தது. டெய்சி என்பது பழைய ஆங்கிலத்தில் "பகலின் கண்" என்ற இரு சொற்களின் சேர்க்கை. காலையில் விரிந்து மாலையில் மூடும் பூ அல்லவா! இத்தாலிய மார்கெரித்தாவின் வால் மட்டும் அறுந்து நின்றதுதான் ரீட்டா. மக்கி, மெக், பெக்கி, கிரேட்டா எல்லோரும் அதே முத்தின் பிள்ளைகள்.

மூன்றாவது வழி ஜெர்மானிய மொழிகள். இங்கேதான் ஆச்சரியம். மிக மென்மையாக எங்கள் காதில் ஒலிக்கும் பெண் பெயர்கள் பல போர்க்களத்துப் பெயர்கள். ஹில்டா என்றால் போர். கேர்ட்ரூட் என்றால் ஈட்டியும் வலிமையும். மற்றில்டா என்றால் ஆற்றலும் போரும். ஈடித் என்பதில் முதற்பாதி செல்வம், பிற்பாதி போர். அமைதியாகப் பின்வாங்கில் இருந்து தையல் தைத்த எங்கள் ஹில்டாக்களுக்கு இது தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் பெயருக்கு ஏற்ற ஹில்டா ஒருவர் வரலாற்றில் இருந்தார். 7ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் விற்பி மடத்துக்குத் தலைவியாக இருந்தவர். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் அவர் ஆளுகையின் கீழ் வாழ்ந்தார்கள். 664இல் திருச்சபையின் முக்கியமான மாநாடு ஒன்று அவருடைய மடத்திலேயே கூடியது.

பெயர்கள் நாடுவிட்டு நாடு போகும்போது என்ன நடக்கிறது? அந்தந்த ஊர் நாக்கு அவற்றைத் தன்னுடையதாக்கிக் கொள்கிறது. எபிரேய யோகனான், "இறைவன் அருள்கூர்ந்தான்" என்று பொருள்படும் பெயர், கிரேக்கத்தில் இயோவான்னெஸ் ஆனது. பின்னர் இங்கிலாந்தில் ஜோன், பிரான்சில் ஜான், ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவானி, ரஷ்யாவில் இவான், ஜெர்மனியில் ஹான்ஸ், அயர்லாந்தில் ஷோன். பெண்பாலில் ஜேன், ஜீன், ஜெனற், ஜோவன்னா. எலிசபெத்தும் அப்படியே. "என் இறைவனே என் ஆணை" என்று பொருள். அவரிடமிருந்தே இசபெல், எல்சா, லீசா, எலைசா, பெற்றி, பெத் எல்லோரும் பிறந்தார்கள். இந்த நாடுகளில் எவரும் தங்கள் பெயரை "எபிரேயப் பெயர்" என்று சொல்வதில்லை. தம்முடையது என்றே சொல்கிறார்கள்.

தமிழும் சும்மா இருக்கவில்லை. கத்தோலிக்க மரபில் புனித பவுலைச் சின்னப்பர் என்பார்கள். ஏன் தெரியுமா? இலத்தீனில் பவுலுஸ் என்றால் சின்னவர். யோவானை அருளப்பர் என்பார்கள். மேலே சொன்ன "அருள்கூர்ந்தான்" அப்படியே தமிழில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயரின் ஓசையை விட்டுப் பொருளைப் பிடித்தவர்கள் எங்கள் முன்னோர். வேறு சில பெயர்களில் ஓசையைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயரின் ஜோசே எங்களிடம் சூசை ஆனார். சாந்தியாகோ என்பதில் "சாந்த்" என்றால் புனித, "யாகோ" என்றால் யாக்கோபு. அது எங்களிடம் சந்தியோகு, சந்தியாப்பிள்ளை. சவேரியார் என்ற பெயரின் மூலம் ஸ்பெயினின் வடபுறத்து ஊரொன்றின் பெயர். பாஸ்க் மொழியில் புதுவீடு என்று பொருள். ஆக எங்கள் ஊர்ச் சவிரிமுத்துவின் பெயரில் பாஸ்க் நாட்டுப் புதுவீடு ஒன்றும் தமிழ்க் கடலின் முத்து ஒன்றும் சேர்ந்து குடியிருக்கின்றன. இந்தப் பெயரை அந்நியம் என்று எவர் சொல்ல முடியும்?

ஆனால், அன்பானவர்களே, ஒரு பெயர் விரும்பி வருவது வேறு, வேறுவழியின்றி வருவது வேறு. அதற்கும் ஐரோப்பாவிலேயே ஒரு சான்று உண்டு.

1066ஆம் ஆண்டில் நோர்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைப் படையெடுத்து வென்றார். அதற்கு முன் ஆங்கிலேயர் தமக்கென்று பெயர்கள் வைத்திருந்தார்கள். இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர்கள்: வுல்ஃப்ஸ்டன், லியோஃப்ரிக், கொட்கிஃபு என்றவாறு. வென்றவர்களின் பெயர்களோ வில்லியம், றொபேட், றிச்சர்ட், மற்றில்டா, அலிஸ். சில தலைமுறைகளுக்குள் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர்களே வந்துவிட்டன. பழைய பெயர்களில் மிகப் பெரும்பாலானவை மறைந்தே போயின. புனிதர்களின் பெயர்களாக இருந்தவை சில தப்பின. இன்று நாங்கள் ஆங்கிலப் பெயர் என்று நினைக்கும் வில்லியமும் றொபேட்டும் ஆங்கிலேயரை வென்றவர்களின் பெயர்கள்.

இதில் அகப்பட்ட ஒரு பெண்ணின் கதையை நீங்கள் அறிய வேண்டும். ஸ்கொற்லாந்து மன்னர் மூன்றாம் மல்கமுக்கும் அரசி மார்கிரட்டுக்கும் ஒரு மகள் பிறந்தாள். தாய் வழியில் அவள் பழைய ஆங்கில அரச குலத்தவள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு இட்ட பெயர் ஈடித். றொம்சி, வில்ற்றன் என்ற கன்னியர் மடங்களில் வளர்ந்து கல்வி கற்றாள். எங்களைப் போல அவளும் ஒரு மடத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை! 1100ஆம் ஆண்டில் வில்லியமின் மகனான முதலாம் ஹென்றி அரசர் அவளை மணந்தார். அதன் பின் அவள் ஈடித் அல்ல. நோர்மானியப் பெயரான மற்றில்டா என்றே வரலாறு அவளை அறியும். வென்றவர் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு வென்றவர் பெயர்.

பெயரை மாற்றியும் பரிகாசம் நிற்கவில்லை. அரண்மனைப் பிரபுக்கள் அரசரையும் அரசியையும் "கொட்ரிக், கொட்கிஃபு" என்று கேலி செய்தார்கள். ஆங்கிலக் குடியானவர் பெயர்கள் அவை என்பதே கேலி. கொட்கிஃபு என்றால் என்ன பொருள் தெரியுமா? கடவுளின் கொடை. கிரேக்கத்தில் சொன்னால் டொறதியா, தியோடோரா. மன்னருக்கும் ஏற்ற பெயர். அதே பொருளைத் தோற்ற சனத்தின் மொழியில் சொன்னால் சிரிப்புக்கிடம்! பெயரில் ஒரு குறையும் இல்லை. யார் வென்றார், யார் தோற்றார் என்பதே அங்கே பேசியது. எங்கள் பெயரைக் கேட்டு எவராவது முகம் சுளித்தால், அல்லது எங்களுக்கே எங்கள் பெயர் கூச்சமாக இருந்தால், இந்த அரசியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தொழுநோயாளருக்கு இலண்டனில் மருத்துவமனை அமைத்தார், நல்ல அரசி என்று மக்கள் போற்றினார்கள். பெயர் போனாலும் ஆள் நின்றாள்.

கதை அங்கே முடியவில்லை. ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயருக்குத் தமது பழைய காலத்தில் ஆர்வம் பிறந்தது. ஈடித், ஹில்டா, எதெல், மில்ட்ரட் என்று பெரும்பாலும் வழக்கொழிந்து கிடந்த பெயர்களைத் தூசு தட்டி எடுத்துத் தம் பெண்பிள்ளைகளுக்கு வைத்தார்கள். சரியாக அந்தக் காலத்தில்தான் எங்கள் நாட்டில் பெண்கள் பாடசாலைகள் பெருகின. எங்கள் அப்பம்மாமாரின் இடாப்பில் உள்ள ஈடித்தும் ஹில்டாவும் மில்ட்ரட்டும் அப்படி வந்தவர்கள். தோற்றவர்களின் பெயர்கள், மீட்கப்பட்ட பெயர்கள் அவை.

புளோரன்சும் அதே காலத்து வரவு. புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1820இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் பிறந்தார், ஊரின் பெயரையே பெற்றோர் வைத்தார்கள். அதற்கு முன் அது பெண்களுக்கு அரிதான பெயர். மத்திய காலத்தில் ஆண்களும் அதைத் தாங்கியதுண்டு. கிரிமிய யுத்தத்துக்குப் பின் ஆங்கிலம் பேசும் நாடெங்கும் புளோரன்ஸ்கள். அவருடைய அக்கா நேப்பிள்சில் பிறந்தவர், அந்த நகரத்தின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதை அவருக்கு வைத்தார்கள். எத்தனை பார்த்தினோப்புகளை நீங்கள் அறிவீர்கள்? ஒரு பெயரைப் பரப்புவது அதன் பொருளோ அழகோ அல்ல, அதைத் தாங்கியவரின் வாழ்க்கைதான்.

பெண் பெயர்களைப் பற்றி இன்னொன்று. ஐரோப்பியப் பெண் பெயர்களில் பல ஆணின் பெயருக்கு வால் ஒட்டியவை. சார்ள்சிலிருந்து கறோலைன், சார்லற். ஜோசப்பிலிருந்து ஜோசபின். பவுலிலிருந்து போலீனா, எங்கள் மொழியில் சின்னம்மா. ஜோர்ஜிலிருந்து ஜோர்ஜினா. ஜோர்ஜ் என்றால் கிரேக்கத்தில் உழவன், ஆகவே ஜோர்ஜினா உழத்தி. ஹென்றியிலிருந்து ஹென்றியற்றா, ஹரியற். ஹென்றி என்றால் வீட்டை ஆள்பவன். அப்படியானால் ஹரியற் இல்லத்தரசி. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடக்கி வைத்த அமெரிக்க மிஷனரிப் பெண்ணின் பெயர் ஹரியற் வின்ஸ்லோ. வீட்டை ஆள்பவள் என்ற பெயரோடு கடல் கடந்து வந்து, வீட்டுக்குள் இருந்த எங்கள் பெண்களை வெளியே அழைத்தவர். அவருக்குப் பின் அதே பாடசாலையில் நெடுங்காலம் பணியாற்றிய எலைசா அக்னியூ 1840இல் வந்தவர், தாய்நாடு திரும்பாமலே 1883இல் யாழ்ப்பாண மண்ணில் கண்மூடியவர். "என் இறைவனே என் ஆணை" என்ற பெயருக்கு ஏற்றவர்.

அந்த அமெரிக்க மிஷன் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. விடுதியில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலிருந்து பொறுப்பேற்றவர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டலாம். முகம் காணாத கொடையாளியின் பெயரையோ, அவருடைய உறவினர் ஒருவரின் பெயரையோ பிள்ளை தாங்கும். ஆண்பிள்ளைகள் பலர் அதைத் தம் சொந்தப் பெயரோடு சேர்த்துத் தாங்கினார்கள். நியாய இலக்கணம் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, பாவலர் சரித்திர தீபகம் தந்த ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான கறோல் விசுவநாதபிள்ளை. ஆணல்ட் என்றால் கழுகின் ஆற்றல். ஆனால் தமிழுலகம் சதாசிவம்பிள்ளையையும் மறக்கவில்லை. இரண்டு பெயரும் நின்றன.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நிலைமை வேறு. பழைய அறிக்கைகளில் ஒரு பெண்பிள்ளை கொடையாளி தந்த அமெரிக்கப் பெயரோடு வருவாள். திருமணத்தின் பின் கணவரின் பெயரோடு இன்னாரின் மனைவி என்று வருவாள். அவளைப் பெற்ற தாய் மடியில் வைத்துக் கூப்பிட்ட பெயர் எது? பெரும்பாலும் அது எங்குமே எழுதப்படவில்லை. அவளுக்குக் கல்வி கிடைத்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே நேரம் அவளுடைய பெயர் இரண்டு தடவை மூடப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காலம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சங்கங்களின் உறுப்பினர் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். திருமதி என்று தொடங்கி, கணவரின் முதலெழுத்து, கணவரின் பெயர். ஒரே வகுப்பில் ஐந்து வருடம் பக்கத்தில் இருந்தவளை அந்தப் பட்டியலில் தேடிப் பிடிக்க முடியாது. ஈடித்தின் பெயரை மாற்ற ஒரு படையெடுப்பு தேவைப்பட்டது. எங்கள் பெயரை மறைக்க ஒரு படிவமே போதும்.

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கத்திடமும் உங்களிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். புதிதாகத் தயாரிக்கும் உறுப்பினர் இடாப்பில் ஒவ்வொருவரின் சொந்தப் பெயரும் முதலில் வரட்டும். பாடசாலை இடாப்பில் இருந்த பெயர், வீட்டுப் பெயர், திருமணத்தின் பின் கொண்ட பெயர், மூன்றையும் எழுதுவோம். பக்கத்தில் ஒரு வரி: இந்தப் பெயரை எனக்கு வைத்தவர் யார், ஏன் வைத்தார். அம்மா, அம்மம்மா உயிரோடு இருந்தால் இன்றிரவே கேளுங்கள். மார்கிரட்டாக இருந்தாலும் மங்கையர்க்கரசியாக இருந்தாலும் கேளுங்கள். அவர்களுக்குப் பின் அந்தக் கதையைச் சொல்ல ஆள் இல்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் பேர்த்திக்குப் பெயர் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த மொழிப் பெயரையும் வையுங்கள். ஆனால் பொருள் அறிந்து வையுங்கள், அந்தப் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லியும் கொடுங்கள். சாந்தி என்று வைத்தால் உலகில் அவளுக்கு ஐரீன் என்ற சகோதரிகள் உண்டு என்று சொல்லுங்கள். சோபியா என்று வைத்தால் எங்கள் மொழியில் அது ஞானம் என்று சொல்லுங்கள். அயலவர் வாயில் நுழையாது என்பதற்காக மட்டும் ஒரு நல்ல தமிழ்ப் பெயரைக் கைவிடாதீர்கள். பழகினால் எந்த நாக்கும் எந்தப் பெயரையும் சொல்லும். யோகனானை இத்தனை தேசங்கள் சொல்லப் பழகவில்லையா?

 எமது பாடசாலையின் பெயரும் அதில் படித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் நீடு வாழ்க.